தறி நின்றால் கேட்கும் மூச்சு

நகரியில் ஒரு வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்றால் முதலில் தொண்டையைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். ஏகாம்பரகுப்பம் பக்கத்துத் தெருக்களில் காலை ஆறு மணிக்கு விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தால் இரவு பத்துக்குத்தான் ஓயும். சுவரில் கை வைத்தால் கை அதிரும். சொம்புத் தண்ணீரைத் தரையில் வைத்தால் தண்ணீரில் வட்டம் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே இருப்பவர்கள் காதால் கேட்பதைவிட உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அதிகம். வெளியூர்க்காரிக்கு அந்த வித்தை வராது. நான் கத்துவேன், அவர்கள் என் வாயைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையில் ஒரு பாறை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். நகரி மூக்கு என்றே அதற்குப் பெயர். ஊரிலேயே அடைப்பில்லாத மூக்கு அது ஒன்றுதான் என்று எங்கள் டாக்டரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான்கு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் பெயர் அகிலா, சொந்த ஊர் புத்தூர். திருப்பதியில் டாக்டர் விஜயராகவன் குழந்தைகளின் இழுப்பு நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். தறி ஓடுகிற நகரித் தெருக்களில் முன்னூறு பிள்ளைகள், மாந்தோப்பும் கரும்புமாக இருக்கிற புத்தலப்பட்டுப் பக்கம் முன்னூறு பிள்ளைகள். அவர்களை இருபது வயது வரைக்கும் விடாமல் பார்த்துக்கொண்டு வர வேண்டும். வீடு வீடாகப் போகிற வேலை என்னுடையது. "நுரையீரல் வளர்றது இருபது இருபத்திரண்டு வயசோட சரி. எட்டு வயசுல கோட்டை விட்டத அறுபதுல தேடிப் பிடிக்க முடியாது" என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் தானாக வாயில் வரும்.

ரக்ஷிதாவுக்கு எட்டு வயது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனேன். முன்னால் ஒரே அறை, பின்னால் தறிக்கொட்டகை, நடுவே கதவில்லாத ஒரு நிலை. கொட்டகையில் நான்கு தறி. காட்டன் சேலை ஓடிக்கொண்டிருந்தது. டியூப்லைட்டின் மேல், பூரான் ஓடும் ஓட்டுச் சந்தில், சாமி படத்துச் சட்டத்தில், எங்கே பார்த்தாலும் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தது. ரக்ஷிதாவின் அப்பா கோவர்த்தனனின் புருவத்திலும் பஞ்சு. நாற்பத்தைந்து வயது ஆளுக்கு அறுபது வயதுத் தோற்றம் கொடுத்தது அந்தப் பஞ்சுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"குடும்பத்துல யாருக்காவது இழுப்பு, வீசிங் இருக்குதுங்களா?" என்று படிவத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"இன்னா?"

"இழுப்பு! இழுப்பு!"

"கேக்கலம்மா, இந்தாண்ட வா." மூன்றாவது தடவை கத்தின பிறகுதான் அவருக்கு எட்டியது. "எங்க வம்சத்துலயே கெடையாது. இந்தக் கொழந்தைக்கி எங்கிருந்து வந்துச்சின்னு தெரியல."

"நீங்க?"

"நானா? இரவத்தஞ்சி வருசமா தறியில நிக்கறேன். திங்கக்கெழம ஆனா மட்டும் நெஞ்சு கொஞ்சம் பாரமா இருக்கும். ஞாயித்துக்கெழம லீவு உடறோமில்ல, அந்தச் சோம்பேறித்தனம். செவ்வாக்கெழம சரியாப் பூடும்."

அதைக் கேட்டு நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். அவர் மனைவி வரலட்சுமியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த அவள் நிமிர்ந்து தலையை மட்டும் ஆட்டினாள். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

பக்கத்து வீட்டில் இருக்கிற கோவர்த்தனனின் அக்கா சென்னம்மா அப்போது தார்க்குச்சிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. யார் வீட்டில் என்ன பேச்சு நடந்தாலும் அதில் ஒரு பங்கு அவளுக்கு உண்டு.

"இவளக் கேக்காத, இவ நல்ல ஆரோக்கியம். பாத்துத்தான் கட்டினோம்" என்றாள். "இவனுக்கு மொத பொண்டாட்டி ஒருத்தி இருந்தா, கமலம்மா. அவளுக்குத்தான் இழுப்பு. தோ, இந்த ரூம்லதான், இழுத்துக்கினே கெடந்தா. மூணு நாளு. அந்தச் சத்தம் இருக்குதே, சன்னமா, புல்லாங்கொழல்ல எறும்பு பூந்தாப்ல. அதக் கேட்டுக் கேட்டு எங்க தம்பி பைத்தியக்காரன் மாதிரி ஆயிட்டான். 'இன்னொரு தபா அந்தச் சத்தத்தக் கேக்க என்னால ஆவாதுக்கா'ன்னு அழுதான். அதான், ரெண்டாவது பொண்ணு பாக்கச் சத்தியவேட்டுப் பக்கம் போனப்போ நான் கேட்ட மொத கேள்வியே அதான். சாதகம் கூட அப்புறம்தான் கேட்டேன்."

வரலட்சுமி திரும்பிக்கொண்டு தறியைப் போட்டாள். அதற்குமேல் பேச்சு கேட்கவில்லை.

வரலட்சுமியின் கழுத்தில் தாலியோடு ஒரு சின்னத் தங்கப் பில்லை கோத்திருந்தது. அதில் ஒரு பெண்ணுருவம். செத்துப்போன மூத்தாள் பேரில் இரண்டாவதாக வந்தவள் கட்டிக்கொள்கிற பில்லை அது. எங்கள் பக்கத்திலும் உண்டு. மூத்தாள் கோபிக்காமல் இருக்க வேண்டுமென்று அவளையும் கழுத்திலேயே சுமக்க வேண்டும்.

ரக்ஷிதாவுக்கு ஊதுகிற மீட்டர் கொடுத்தேன். ஊதினால் முள் நகரும், நெஞ்சு அடைத்திருந்தால் எண் குறையும், அந்த எண்ணைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவளுக்கு அது விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. முதல் நாளே இருநூற்றிருபது ஊதிவிட்டு, "பாகுந்தா மேடம்?" என்று, நல்லா இருக்கா என்பதைத் தெலுங்கில் கேட்டாள், பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்பது மாதிரி. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டினேன். குழந்தை தூங்கும்போது மூச்சுச் சத்தத்தை அது பதிவு செய்யும். இழுப்பு வந்தால் உறிஞ்சுவதற்கு நீல நிற பம்பு ஒன்றும் கொடுத்தேன். அதன் முதுகில் எண்ணிக்கை தெரியும். புதுப் பம்பு என்றால் இருநூறு. ஒரு தடவை அழுத்தினால் ஒன்று குறையும்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். நோட்டில் ரக்ஷிதாவின் கோழிக்கிறுக்கல் கணக்குப்படி பதினெட்டுத் தடவை அழுத்தியிருந்தார்கள். பம்பின் முதுகில் நூற்றிமுப்பத்தொன்று என்று இருந்தது. மூன்று தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்று காணோம்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, இதென்ன விளையாட்டுத் துப்பாக்கியா?" என்றேன் ரக்ஷிதாவிடம்.

"நான் இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியாது. நான் ஸ்கூலுக்குப் போறப்போ ஒரு நம்பர் இருக்குது. வந்து பாத்தா வேற நம்பர் இருக்குது."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. சென்னம்மா தார்க்குச்சியைக் கூடையில் போட்டுவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"கமலம்மா போயி பதினோரு வருசம் ஆச்சி. அப்போ அவளுக்கு இந்தப் பம்பு யாரும் வாங்கிக் குடுக்கல" என்றாள். "இப்போ வந்து இழுத்துக்கினு கீறா."

"சும்மா இருங்க பெரியம்மா."

"நீ படிச்சவ, உனக்கு அப்டித்தான் இருக்கும். இந்த வூட்ல கரண்டு போனா நான் உள்ள வர்றதில்ல. தறி நின்னா சுவுத்துல இருந்து கேக்கும். அதே சத்தம். எதுர் வூட்டு ரங்கையாவக் கேட்டுப் பாரு, அவரும் கேட்டுக்கீறாரு."

கோவர்த்தனன் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் ஒரு நாளும் கேக்கலியே" என்றார். அதில் ஒரு வருத்தம் இருந்தது. தன்னிடம் மட்டும் அவள் வரவில்லையே என்கிற மாதிரி.

திருப்பதி ஆபீஸில் டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அந்த வீட்டுப் பெட்டியின் பதிவு. முதலில் குழந்தையின் மூச்சு, வேகமாக, சின்னச் சின்னதாக, நுனியில் லேசான விசிலோடு. கொஞ்ச நேரம் கழித்து அதன்மேல் இன்னொரு மூச்சு வந்தது. மெதுவானது. நீளமாக வெளியே விட்டு, விடவிட விசிலடித்தது. பெட்டிக்குக் கிட்டே வந்தது, குழந்தையின் பக்கத்திலேயே நின்றது, பிறகு தூரமாகப் போய்த் தேய்ந்தது. குழந்தையின் மூச்சு மட்டும் மிச்சம் இருந்தது.

பட்டப்பகல், ஏசி அறை, கண்ணாடிக்கு வெளியே திருமலை தெரிகிறது. என் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

"அந்த ரூம்ல யார் யார் தூங்கறாங்க?" என்றார் டாக்டர்.

"குழந்தையும் அம்மாவும் சார். அப்பா கொட்டகையிலயே படுத்துக்குவாரு."

"அம்மாவுக்கு?"

"இல்லைன்னு சொன்னாங்க சார்."

"சொன்னாங்களா?"

தலையை ஆட்டினாள் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் படிவத்தில் என் டிக்கைப் பார்த்தார். "யாருன்னு கண்டுபிடிங்க. அது வரைக்கும் குழந்தைய நான் காத்திருக்க வைக்க முடியாது. நீல பம்பு இந்த வேகத்துல காலியாகுதுன்னா நோய் கட்டுல இல்லைன்னு அர்த்தம்" என்றார். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்.

மறுநாளே போய் வரலட்சுமியிடம் கேட்டேன். "உனக்கு ஏதாவது இழுப்பு இருக்குதாம்மா? எங்கிட்ட சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அய்யோ இல்லக்கா."

"இந்த மீட்டர்ல ஒரு தபா ஊதேன், பாக்கலாம்."

"அடுப்புல களி கீதுக்கா, கட்டி தட்டிக்கும்" என்று உள்ளே ஓடினாள். கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சுடச்சுட நல்லெண்ணெய் ஊற்றியிருந்தாள். நானும் தின்றுவிட்டு வந்தேன். பிடிவாதமாக ஊதச் சொல்லியிருக்க வேண்டும். களிக்கு மயங்கியவள் என்று என்னை நானே இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

மூன்று வாரத்தில் மாத்திரை ரக்ஷிதாவின் முகத்தை உருண்டையாக்கிவிட்டது. கன்னம் உப்பி, கண் சின்னதாகி, வேறு வீட்டுக் குழந்தை மாதிரி இருந்தாள். எந்நேரமும் பசி என்றாள். ராத்திரி தூங்காமல் அழுதாள். பள்ளிக்கூடத்தில் பூசணிக்காய் என்று கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வரலட்சுமி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குழந்தையையே பார்த்தபடி நின்றாள். "இத நிறுத்திட முடியாதாக்கா?" என்றாள்.

"பம்பு குறையறது நின்னாத்தான் டாக்டர் இத நிறுத்துவாரு."

அவள் மாத்திரையைக் குழந்தையின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவள் கை நடுங்கியது. தறி ஓடுகிற வீட்டில் எல்லாருடைய கையும்தான் நடுங்கும், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. முன்னறையில் நான் மட்டும் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள். கோவர்த்தனன் தறிக்குப் பாவு நூல் வாங்கப் போயிருந்தார். நான்கு தறியும் ஒரே சமயத்தில் நின்றன. தெருவும் நின்றது. அவ்வளவு நேரம் சத்தத்தில் இருந்துவிட்டுத் திடீரென்று அமைதி வந்தால் காது வலிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த அமைதிக்குள்ளே சன்னமாக ஒரு விசில். கொட்டகைப் பக்கம் இருந்து. நீளமாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

எழுந்து போகக் கால் வரவில்லை. படித்தவள், ஆராய்ச்சிக்காரி, எல்லாம் சரி. கால் வரவில்லை. நான் நிலையைத் தாண்டுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே வரலட்சுமி மட்டும் கடைசித் தறியின் கீழே குனிந்து, முகத்தைத் துணியில் வைத்தபடி இருந்தாள்.

"இங்க ஏதாவது கேட்டுச்சா?" என்றேன்.

அவள் வாய் திறக்காமல் தலையை ஆட்டினாள். உதடு நீலமாக இருந்ததா, அல்லது அந்தக் கொட்டகையின் வெளிச்சமே அப்படித்தானா என்று யோசித்தேன். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அவள் அவசர அவசரமாக ஒவ்வொரு தறியாகப் போட்டாள்.

ஆடி மாதம் பிறந்ததும் சென்னம்மா முடிவெடுத்துவிட்டாள். கமலம்மா சுமங்கலியாகப் போனவள், அதனால் வீட்டுக்குத் தெய்வமாகிவிட்ட பூவாடைக்காரி. அவளுக்குப் படையல் போட்டு மூணு வருசம் ஆகிறது. அதனால்தான் குழந்தையின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை படையல், நீயும் வரணும் என்று எனக்குப் போன் செய்தாள். "அவ கேட்டதக் குடுத்து, 'கொழந்தைய உட்டுடு தாயி'ன்னு கேட்டுக்கப் போறோம்."

"புகை மட்டும் வேணாம் பெரியம்மா. குழந்தைக்கு ஆவாது."

"சர்லே, பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை லைன் வேலை என்று தெரு முழுக்கக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. படையல் நாளில் அந்த வீட்டுத் தறி எப்படியும் ஓடாது. ஆனால் ஊரே ஓடவில்லை என்றதும் சென்னம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அவளே வயரப் புடுங்கி உட்டுட்டா பாத்தியா" என்றாள். நான் அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை. மூன்றாவது வீட்டில் பாத்திரம் உருண்டது இங்கே கேட்டது. ஆட்கள் வழக்கம்போலக் கத்திப் பேசிவிட்டுத் தங்கள் குரலுக்குத் தாங்களே பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

முன்னறையில் பலகை போட்டு அதன்மேல் புதுச்சேலையை மடித்து வைத்திருந்தார்கள். கமலம்மாவுக்குப் பிடித்த ஊதா நிறம். சேலைக்கு மேலே மல்லிகைப் பூ, பக்கத்தில் வேப்பிலை செருகின செம்பு, முன்னால் தலைவாழை இலையில் காராமணிக் கொழுக்கட்டை, துள்ளுமாவு, முருங்கைக்கீரை வதக்கல். சேலையின் மடிப்பு நடுவில் கொஞ்சம் எழும்பி இருந்தது. உள்ளே யாரோ முட்டியை மடக்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

ரக்ஷிதா அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். பம்பு அவள் கையில். எண் பதினான்கு.

சென்னம்மா சாம்பிராணி போட்டாள். சன்னல் சாத்தியிருந்தது. நான் "பெரியம்மா!" என்று எழுந்தேன். "ஒரு கைதாம்மா, ஒரே கை" என்று இரண்டாவது கையும் போட்டாள். புகை சேலையைச் சுற்றிக்கொண்டு கூரைக்கு ஏறியது. குழந்தை இருமினாள். இருமல் நிற்காமல் வந்து, தோள் இரண்டும் மேலே மேலே ஏறி, விசில் தொடங்கியது. நான் பாய்ந்து சன்னலைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்த இரண்டாவது சத்தம் வந்தது. மெதுவானது, நீளமானது, நான் திருப்பதியில் காதில் மாட்டிக் கேட்டது. அறைக்குள்ளேயே, படையலுக்குப் பக்கத்தில்.

"வந்துட்டா!" என்றாள் சென்னம்மா.

வரலட்சுமி குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. கழுத்துப் பில்லை முன்னும் பின்னும் ஆடியது. அவள் முதுகு ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அந்த விசில்.

சென்னம்மா கற்பூரத் தட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "யாரும்மா நீ? பேரச் சொல்லு."

கோவர்த்தனன் சுவரோடு ஒட்டி நின்றார். அவருக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் அந்த முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே அறையில் பார்த்த முதுகு.

"கமலா?" என்றார். "கமலா, நீயா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் நானும் நம்பினேன். என் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. கமலம்மா என்று அவள் சொல்லியிருந்தால் போதும். வேப்பிலை அடிப்பார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், கொழுக்கட்டை ஊட்டுவார்கள். அவள் குடும்பம் அப்படியே இருக்கும். பழி எல்லாம் செத்தவள்மேல் போய்விடும், குழந்தை மாத்திரையைத் தின்றுகொண்டே இருப்பாள்.

வரலட்சுமி தலையைத் தூக்கிக் குழந்தையின் உப்பின முகத்தைப் பார்த்தாள்.

"வர... லட்சுமி" என்றாள்.

"ஏமாத்தாத! உன் சொந்தப் பேரச் சொல்லு!"

"வரலட்சுமி. எனக்கு... எனக்குத்தான் இழுப்பு. ஏழு வயசுல இருந்து." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவள் மூச்சைத் தேடினாள். "பம்பு... நான்தான்... இழுத்தேன். கொழந்தைக்கி... மாத்திர... குடுக்காதீங்க."

கற்பூரத் தட்டு சென்னம்மாவின் கையிலேயே எரிந்து அணைந்தது. அதன் பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ரக்ஷிதாவின் கையிலிருந்து பம்பைப் பிடுங்கி முதலில் குழந்தைக்கு நான்கு தடவை அழுத்தினேன். அம்மாவிடம் நீட்டினால் தலையை ஆட்டி, குழந்தையின் விசில் குறையும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அவளுக்கு ஆறு. ஆட்டோவுக்கு எதிர் வீட்டு ரங்கையாவை ஓட விட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய விசில் மெலிந்தது. சென்னம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டாள். "பேய்க்குப் பம்பு கேக்குமாம்மா?"

"கேக்காது பெரியம்மா."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

கோவர்த்தனன் மனைவியின் முன்னால் வந்து குந்தினார். "பத்து வருசமா?" என்றார். "எங்க போயி மறச்ச?"

"தறிகிட்ட" என்றாள் வரலட்சுமி, அவர் பார்க்கிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து. "வந்துச்சின்னா... தறிகிட்ட போயி நிப்பேன். தறி ஓடுனா யாருக்கும் கேக்காது. பஞ்சு உள்ள போயி இன்னும் அதிகமா ஆவும். ஆனாலும் கேக்காதில்ல."

"நான் அங்கயே தான நின்னுக்கினு இருந்தேன்."

"நீங்க இருந்தா பயமில்ல. உங்களுக்குத்தான் காது கேக்காதே. அக்காதான் கேட்டுட்டாங்க. கமலம்மான்னு அவங்க சொன்னப்போ... சர்தான்னு உட்டுட்டேன். அந்த அம்மா பேருல நான் மூச்சு உட்டுக்கினு இருந்தேன்." அவள் அந்தப் பில்லையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தாயி மன்னிச்சிடும்மா" என்று ஊதாச் சேலையைப் பார்த்துச் சொன்னாள்.

கோவர்த்தனன் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஏமாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று கத்துவார், சத்தியவேட்டுக்குப் போன் போடுவார் என்று பயந்தேன். அவர் எதுவும் செய்யவில்லை. அவள் தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் வைத்தார்.

ஆட்டோ வரவில்லை. குழந்தை மூச்சு சீராகி என்மேல் சாய்ந்திருந்தாள். வரலட்சுமி கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள், அவள் மார்பில் சத்தம் இல்லை. தெருவில் சத்தம் இல்லை. புகை சன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

விசில் நிற்கவில்லை.

முதலில் என் காதுதான் பழக்கத்தில் கேட்கிறது என்று நினைத்தேன். சென்னம்மா தலையைத் தூக்கினாள். அவளுக்கும் கேட்டது. வரலட்சுமி கண்ணைத் திறந்தாள். மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் பலகைமேல் இருந்த சேலையைப் பார்த்தோம். இது முன்னே கேட்ட இரண்டு சத்தமும் இல்லை. இன்னும் அடியிலிருந்து வந்தது, கரகரவென்று, கிணற்றில் வறண்ட உருளை திரும்புகிற மாதிரி. முடிவில் ஒரு நூல் விசில். நின்றது. மறுபடி வந்தது.

"இன்னொன்னு கீது" என்று சென்னம்மா காற்றாகச் சொன்னாள்.

"இன்னா?" என்றார் கோவர்த்தனன். "ஏன் எல்லாரும் அங்க பாக்கறீங்க?"

அவர் பேசும்போது சத்தம் நின்றது. அவர் வாயை மூடியதும் வந்தது.

ரக்ஷிதா என் மடியிலிருந்து எழுந்தாள். குந்தியிருந்த அப்பாவின் பின்னால் போய், அவர் முதுகில், சட்டையில் ஒட்டின பஞ்சின் மேல், காதை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"நைனா, இங்க தான் கீது" என்றாள்.

பின்னால் இருந்து சொன்னதால் அவருக்குத் தெரியவில்லை. "இன்னா சொல்றா கொழந்த?" என்று என்னைக் கேட்டார். இருபத்தைந்து வருடம் தறிக்குள் நின்றவர். இனி ஒரு நாளும் கேட்க மாட்டேன் என்று அழுத சத்தத்தைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு என் உதட்டைப் பார்த்தார். திங்கட்கிழமைச் சோம்பேறித்தனம் என்று அவர் சொன்னதும் நான் சிரித்ததும் நினைவு வந்தது. பையிலிருந்து மீட்டரை எடுத்தேன், முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளினேன், அவரிடம் நீட்டினேன்.

அப்போது கரண்ட் வந்தது. எதிர் வீட்டில் ஒரு தறி, அடுத்த வீட்டில் இரண்டு, பிறகு தெரு முழுக்க. செம்பில் தண்ணீர் வட்டம் போட ஆரம்பித்தது. அந்த விசில் எங்கே போனதென்று தெரியவில்லை. குழாயை வாயில் வைத்து அவர் கன்னம் உப்ப ஊதினார், அதுவும் கேட்கவில்லை.

முள் நின்ற இடத்தை ரக்ஷிதாதான் முதலில் பார்த்தாள். நூற்றித்தொண்ணூறு. அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்று, அவருக்குப் புரியும்படி உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொன்னாள்.

"என்னோடத உட கம்மி, நைனா."